கதவைத் திறந்தும் நிற்காத மெஷின்

ஜூலை 7, திங்கள்

இன்று காலை சேக்காட்டில், ரேணுகாவின் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் சரசாவின் வலது கை, நான் வாடகைக்கு விட்டிருக்கும் மெஷினுக்குள் மாட்டி மூன்று விரல் வெந்துவிட்டது. தப்பு என்னுடையது. யாருக்கும் தெரியாது.

நாளைக்கு நானே எனக்கு இதை வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன். சொந்தச் சரக்கில் ஓட்டை இருந்தால் என் வாய் எப்படி வேலை செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் நடந்ததை நடந்தபடி இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை என் மூத்த டெக்னீஷியன் ஜஸ்டின் லீவு. மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மைச் சடங்கு. ரேணுகா போன் பண்ணி, "பேப்பர் மடிஞ்சி மடிஞ்சி வருது சார், இன்னிக்கே ஆவணும்" என்றாள். வேறு டெக்னீஷியனை அனுப்பியிருக்கலாம். நானே போனேன். முதலாளி ஆனபிறகு ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதில் ஒரு தனி சந்தோஷம். கை இன்னும் மறக்கவில்லை என்று நாலு பேர் பார்க்க வேண்டும்.

மெஷின் கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் நின்றுவிடும். அதற்கென்று கதவோரத்தில் ஒரு சின்ன சுவிட்ச். பேப்பர் எங்கே மடிகிறது என்று திறந்துவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் அந்த சுவிட்சில் ஒரு துண்டைச் செருகி, கதவு மூடித்தான் இருக்கிறது என்று மெஷினை நம்பவைப்போம். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. வேலை முடிந்ததும் துண்டை உருவிவிட வேண்டும். மறந்து வந்தாலும் மெஷின் நன்றாகத்தான் ஓடும், பேப்பர் மாட்டி யாராவது கதவைத் திறக்கிற வரைக்கும்.

என் ஆட்களுடைய துண்டில் எல்லாம் முழ நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். கதவுக்கு வெளியே தொங்கினால் மறக்க முடியாது. நான் போட்ட சட்டம். பழைய பிளாஸ்டிக் ஸ்கேலில் வெட்டிய என் துண்டில் மட்டும் ரிப்பன் கிடையாது. எனக்கெதற்கு?

அன்று அந்தத் துண்டைச் செருகினேன், சரியாக அந்த நேரத்தில் போன். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் நாற்பது மெஷின் வாடகைக்கு. மாதக்கணக்கில் அலைந்த ஆர்டர். ஒரு ஜெராக்ஸுக்கு எத்தனை பைசா என்று இழுபறி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே பேப்பர் ஓட்டிப் பார்த்தேன், மடியாமல் வந்தது, கதவைச் சாத்தினேன். ஆர்டர் படிந்தது. எதிர்க் கடையில் நின்று கரும்பு ஜூஸ் குடித்தேன். ஜூஸ்காரருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அவர் கடை ஜூஸையே. அவ்வளவு குஷி.

துண்டு உள்ளேயே இருந்தது.

நேற்று ஞாயிறு, கடை மூடியிருந்தது. இன்று காலை பேப்பர் மாட்டியிருக்கிறது. சரசா எப்போதும்போலக் கதவைத் திறந்து, கையை விட்டு, மாட்டின தாளை உருவியிருக்கிறாள். தாள் விலகினதும் மெஷினுக்கு என்ன தெரியும்? கதவு மூடியிருக்கிறது, அடைப்பு போய்விட்டது, ஓடலாம். உருளைகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. மையைச் சுட்டுத் தாளில் ஒட்டவைக்கிற ஜோடி உருளை, தோசைக்கல் சூட்டில் இருப்பது, அவள் விரல்களை உள்ளே இழுத்துவிட்டது. இடது கையால் அவளேதான் ஒயரைப் பிடுங்கியிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் கூட்டம். குனிந்தேன். துண்டைப் பார்த்தேன். எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

அதோடு விட்டிருந்தால்கூட... மெஷினை ஆன் பண்ணி ஓடவிட்டு, எல்லார் எதிரிலும் கதவைத் திறந்தேன். நின்றது. மூடினேன். ஓடியது. திறந்தேன். நின்றது.

"பாத்துக்கினீங்கல்ல எல்லாரும்?" என்றாள் ரேணுகா. "ஆட்டோல ஏறசொல்ல கூட 'மெஷின் உள்ள இழுத்துச்சி, உள்ள இழுத்துச்சி'ன்னு சொல்லிக்கினே போறா. தொறந்தா நின்னுடற மெஷினு எப்டி இழுக்கும்? சூடா கீற எடத்துல தானே போய் கைய வெச்சிட்டு, பழி மட்டும் என் கடை மேல."

தையல் கடை அக்கா தலையாட்டினாள். ஜூஸ்காரர் தலையாட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதுவதும் பொய். கதவைத் திறந்து மூடியதே சொன்ன மாதிரிதான்.


ஜூலை 8, செவ்வாய்

நேற்று எழுத முடியாதது ஒன்று.

கூட்டம் கலைந்தபின் சூட்டு உருளையைத் துடைத்தேன். துடைத்துவிட்டு வெறும் தாள் ஒன்று ஓட்டினேன். வெள்ளைத் தாளில் மங்கலாக மூன்று தடம். உருளை ஒரு சுற்றுச் சுற்றினதும் மறுபடி அதே மூன்று தடம். அதற்குக் கீழே மறுபடியும். மேலிருந்து கீழ்வரை யாரோ விரலால் பற்றிப் பற்றி இறங்கின மாதிரி.

உருளையில் அழுக்கு ஒட்டினால் தாளில் இப்படித்தான் திரும்பத் திரும்ப விழும். எனக்குத் தெரியாததா. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தடம் போகிற வரைக்கும் துடைத்து ஓட்டி, துடைத்து ஓட்டி... அந்தத் தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். இன்றைக்குக் கடையில் யார் வெள்ளைத் தாளை நீட்டினாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்.


ஜூலை 9, புதன்

திருமுல்லைவாயிலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பில் வாங்கத்தான் போனேன். போன வேலையை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மெஷின் கதவைத் திறந்தேன். நின்றது. மூடித் திறந்தேன். நின்றது. "ரிப்பேர் இல்லையே சார்" என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். ரிப்பேர் இல்லை என்று எனக்கும் தெரியும்.


ஜூலை 11, வெள்ளி

ஜஸ்டின் பதினைந்து வருடமாக என்னிடம் இருக்கிறான். மெஷின் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டே கேட்டான். "அண்ணா, சனிக்கிழமை சேக்காட்டுக்குப் போனது நீங்கதான?"

"ஆமா. ஏன்?"

"சும்மா." ஹெல்மெட் பட்டையைத் திருகினான். "பாரிவாக்கத்துல ஒருவாட்டி நான் மறந்துட்டு வந்தேன், ஞாபகம் கீதா? யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஐநூறு ஃபைன் போட்டீங்க. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சி, 'ஒரு ஆளு கை போயிருந்தா உங்கப்பனா குடுப்பான்'னு கேட்டீங்க. அதுக்கப்புறம்தான் ரிப்பன்."

நான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். எதைக் கூட்டினேன் என்று தெரியாது.

"நான் ஒண்ணும் கேக்கலண்ணா" என்றான். போய்விட்டான்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். நாற்பது மெஷின் ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை. அந்தக் கம்பெனியில் வாசலில் நுழைந்தாலே பாதுகாப்பு, பாதுகாப்பு என்று போர்டு. இது வெளியே வந்தால் என்னாகும்? என் கடையை நம்பி ஆறு குடும்பம். — பார், ஆரம்பித்துவிட்டேன். குடும்பத்தைக் கணக்குக் காட்டுகிறேன். சரசாவுடையது குடும்பம் இல்லையா?


ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனால் நிம்மதியாக இருக்கும் என்று போனேன். ஆராதனைக்கு முன்னால் ஆபீசில் பாண்டியன் பாட்டுத் தாள் ஓட்டிக்கொண்டிருந்தார். என் கை சும்மா இருக்கவில்லை. கதவைத் திறந்தேன். நின்றது. ஒரு தாள் நசுங்கிக்கொண்டது. எடுத்துவிட்டு மூடினேன், ஓடினது, மறுபடி திறந்தேன்.

"ஜாபஸ் சார், உங்களுக்குப் புண்ணியமா போவும், வெளிய போங்க. ஜனங்க வந்துகினு கீறாங்க, பாதி பேருக்கு பாட்டு இல்ல" என்றார்.

என் வரிசையில் யார் கையிலும் தாள் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே நின்றோம். என் மனைவி ஹெலினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "வாஷிங் மெஷினையும் நடுவுல நடுவுல தொறக்கறீங்க. என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள். தூசி அலர்ஜி என்றேன். வாஷிங் மெஷினுக்கும் தூசிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விடுகிறவள் இல்லை அவள்.


ஜூலை 17, வியாழன்

சரசா கடைக்கு வந்தாள்.

கையில் கனமான கட்டு, கழுத்தோடு சேர்த்து ஒரு துணியில் தொங்கியது. ஹெலினா தண்ணீர் கொடுத்தாள். இடது கையால் வாங்கியதில் பாதி புடவையில் சிந்தியது.

பணம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு கொடுக்கலாம், எதுவரைக்கும் இறங்கலாம் என்று உள்ளே கணக்கு ஓடிவிட்டது. அவள் கேட்டது பணமில்லை.

"அண்ணா, ஒண்ணு கேப்பேன், திட்டக்கூடாது. அன்னிக்கு மெஷினு நின்னுகினுதான் இருந்துச்சா?"

"ஏம்மா?"

"எனக்கு அது சுத்தினா மாதிரிதான் ஞாபகம் கீது. விரலைப் புடிச்சி இழுத்துச்சி. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி சொல்லசொல்ல... எங்க ஊட்டுக்காரரே சொல்றாரு, வலியில உனக்கு அப்டி தோணிகீதுன்னு. ஒம்போது வருசமா அந்த மெஷினோட நிக்கறேன், கண்ணை மூடிக்கினு ஜாம் எடுப்பேன். இப்ப எனக்கே டவுட்டு வந்துடுச்சிண்ணா. சூட்டுல நானேதான் கைய வெச்சனா? மெஷினைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ஒத்துக்கினு போயிடறேன்."

ஹெலினா பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜஸ்டின் உள்ளே ஒரு மெஷினின் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கிற சத்தம் நின்றது.

"சில நேரம் அப்படித் தோணும்மா" என்றேன்.

தலையை ஆட்டினாள். "அப்ப நாந்தான்" என்றாள். கோபமில்லை. பரீட்சையில் ஃபெயில் என்று தெரிந்த மாதிரி ஒரு முகம். "சரிண்ணா. வேலை கெடுத்ததுக்கு மன்னிச்சிக்கோங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

டேய் ஜாபஸு. தேய்ந்த டிரம்மைப் புதுசு என்று விற்றிருக்கிறாய். மீட்டரைத் திருப்பி வைத்த மெஷினைத் தெரிந்தே வாங்கியிருக்கிறாய். வியாபாரம். இன்னிக்கு பண்ணது இன்னாடா? அவ கண்ணால பாத்ததை அவ கிட்ட இருந்தே புடுங்கி வெச்சிக்கினியே.


ஜூலை 18, வெள்ளி

உட்கார்ந்தால் காதில் உருளை சுற்றுகிறது.


ஜூலை 22, செவ்வாய்

நாற்பது மெஷின் ஆர்டர் கையெழுத்தானது. கம்பெனியில் அட்மின் பார்க்கும் அரவிந்தன் கை குலுக்கினார். அவர் கையை விடும் வரை அவருடைய ஆள்காட்டி விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஜூலை 27, ஞாயிறு

மாதக் கடைசி ஞாயிறு, பூந்தமல்லி பிரியாணி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து மெஷின்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். சட்டம் ஒன்றுதான்: அந்த மாதம் செய்த முட்டாள்தனத்தை ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். யாருடையது பெரிய முட்டாள்தனம் என்று எல்லாரும் கை தூக்குவார்கள். அவன் பில் கட்ட வேண்டும். ஆரம்பித்து வைத்தவர் அப்துல் ரசாக், ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரி, எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். இத்தனை வருடத்தில் நான் பில் கட்டியதே இல்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்.

கஜபதி ஆரம்பித்தான். "ஒரு ஸ்கூல் ஆபீஸ். மெஷினு ஆன் ஆவல. பவர் போர்டு போச்சுன்னு முடிவு பண்ணி பிரிச்சேன். வேற போர்டு எடுத்தாந்து மாட்டினேன். ஆவல. மதர் போர்டையும் கழட்டி மேசை மேல பரப்பி வெச்சினு கீறேன். அந்த ஸ்கூல் ஆயா தொடப்பத்தோட வருது. 'நைனா, பெருக்கசொல்ல இந்த பிளக்கை நாந்தான் புடுங்கினேன், போட்டுடட்டுமா?'ன்னுது."

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "சர்வீஸ் சார்ஜ் வாங்கினியா?" என்று ஒருவன். "வாங்காம? ஆயாவுக்கு டீ வாங்கி குடுத்துட்டு வாங்கினேன்."

ரசாக் பாய் விடவில்லை. "இது இன்னா பெரிசு. கார்ப்பெட்டுல டோனர் மைத்தூளு கொட்டிச்சின்னா வெந்நீர் ஊத்தாதீங்கடா, உருகி ஒட்டிக்கும்னு ஊருக்கே பாடம் எடுக்கறவன் யாரு? நானு. போன வாரம் ஒரு வக்கீல் ஊட்ல, அவரு பொண்டாட்டி குடுத்த வெந்நீரை வாங்கி என் கையால ஊத்தினேன் மாமே. இப்ப அது கருப்பு கார்ப்பெட். மேட்சிங்கா சோபா வாங்கித் தரணுமாம்."

என் முறை வந்தபோது, "இந்த மாசம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"இருக்காதே, இவன்தான் தப்பே பண்ண மாட்டானே" என்றான் கஜபதி. எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் ரசாக்குக்குத்தான் அதிகம் கை தூக்கினார்கள்.

பில் வந்தது. ரசாக் பாய் எடுப்பதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். "நான் தரேன் பாய்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எதுக்கு?"

"சும்மாதான். பெரிய ஆர்டர் கிடைச்சிருக்கு."

"ஆர்டருக்கு ஸ்வீட் வாங்கி குடு. இது வேற பில்லு. கதை சொல்லாதவன் இந்தப் பில்லைத் தொடக்கூடாது. சட்டம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இன்னா ஜாபஸ்? சும்மா காசு குடுக்கற ஆளே இல்லியே நீ. இன்னாப்பா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல பாய்."

பில்லை என் கையிலிருந்து மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் நின்றேன். இந்த மூன்று வாரமாக நான் யோசித்துக்கொண்டிருந்ததும் அதைத்தானே? ஒரு கவரில் பணம் போட்டு, பேர் சொல்லாமல், யார் மூலமாகவாவது அவளிடம் சேர்த்துவிடலாம் என்று. கதை சொல்லாமல் பில் கட்டுவது.


ஜூலை 28, திங்கள்

ரேணுகா கடையில் புதுப் பெண் நிற்கிறாள். "சரசா கை ஆறினாலும் எனக்கு வாணாம் சார். நாளைக்கு லேமினேஷன்ல சுட்டுக்கினு அதுவும் இழுத்துச்சிம்பா. நல்ல வேளை, நீங்க அன்னிக்கு எல்லாருக்கும் காட்னீங்க."

நல்ல வேளை.


ஜூலை 31, வியாழன்

ஹெலினாவிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம், கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு.

அழவில்லை, திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "அன்னைக்கு அவ இங்க வந்து உங்களைக் கேட்டாளே, நான் அந்த டேபிள்லதான இருந்தேன்?"

"ஆமா."

"நானும் தலையாட்டினேங்க. 'ஆமாம்மா, வலியில அப்படித்தான் இருக்கும்'னு படியில இறங்கும்போது சொல்லி அனுப்பினேன்."

எனக்கு அது தெரியாது.


ஆகஸ்ட் 2, சனி

முத்தாபுதுப்பேட்டைக்கு, சரசா வீட்டுக்குப் போனேன். வண்டியில் போகும்போதே முதல் வார்த்தையைத் தீர்மானித்து வைத்திருந்தேன். சுற்றி வளைத்தால் வியாபாரம் பேச ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். சரசாவும் அவள் புருஷன் அப்பாவுவும் வீட்டில் இருந்தார்கள். அவர் பெயின்ட் அடிக்கிறவர். நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

உட்காரவில்லை. "சரசா, மெஷின் இழுத்துச்சு. நீ சொன்னதுதான் நிஜம். கதவு திறந்திருந்தும் அது ஓடுச்சு. ஓடும்படி வச்சுட்டு வந்தவன் நான்." துண்டு, சுவிட்ச், போன், சட்டைப் பை எல்லாவற்றையும் சொன்னேன். அன்று கடையில் அவளிடம் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டியா?" என்றாள். "கேட்டியா இப்போ?"

அப்பாவு எழுந்து என் சட்டையைப் பிடித்தார். "இன்னாய்யா, வந்து கதை சொல்லிக்கினு கீற? ஒரு மாசமா எம் பொண்டாட்டிய நானே கிறுக்கச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்யா! சொந்த ஊட்ல அவ பேச்சை நம்பலய்யா நானு! போலீசுக்குப் போறேன், இன்னா சொல்ற?"

"போங்க. அங்கயும் இதேதான் சொல்வேன்."

சட்டையை விட்டுவிட்டார். எதிர்த்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. மூலையில் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொண்டுபோன கவரை ஸ்டூல் மேல் வைத்தேன்.

"அதை எடுத்து உங்க பையில வைங்க" என்றாள் சரசா. அண்ணா என்று சொல்லவில்லை. "காசு அப்புறம். அன்னிக்குக் கதவைத் தொறந்து தொறந்து காட்னீங்களாமே. யார் யார் நின்னாங்க?"

யோசித்துச் சொன்னேன். தையல் கடை அக்கா. ஜூஸ்காரர். பக்கத்து மருந்துக் கடைப் பையன்கள். ரேணுகா.

"அத்தினி பேரும் நிக்கணும். அதே மாதிரி காட்டணும். நானும் நிப்பேன்."


ஆகஸ்ட் 4, திங்கள்

காட்டினேன்.

ரேணுகா சர்வீஸுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். எதிர்க் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் போய் ஒவ்வொருவராக நானே கூப்பிட்டு வந்தேன். "எதுக்கு சார், ஃபங்ஷனா?" என்றார் ஜூஸ்காரர். சரசா ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

துண்டைத் தூக்கிக் காட்டினேன். அன்று காலை இது உள்ளே இருந்தது, நான் வைத்துவிட்டு மறந்தது, உங்கள் கண் முன்னால்தான் எடுத்துப் பைக்குள் போட்டேன் என்றேன். சுவிட்சில் செருகினேன். மெஷினை ஓடவிட்டேன். கதவை அகலத் திறந்தேன்.

ஓடியது.

கதவு திறந்திருக்க உள்ளே உருளைகள் சுற்றுவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இன்று மட்டும் பார்க்க முடியவில்லை. ஒரு வெள்ளைத் தாளை ஓரமாக நீட்டினேன். வெடுக்கென்று என் கையிலிருந்து இழுத்துக்கொண்டது.

"அடக் கடவுளே" என்றாள் தையல் கடை அக்கா.

சரசா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "நிறுத்துங்க, போதும்" என்றாள். நிறுத்தினேன்.

"பாத்தியாக்கா?" என்று தையல் கடை அக்காவிடம் மட்டும் கேட்டாள். அந்த அக்கா அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரேணுகா என் பக்கம் திரும்பினாள். "அப்போ உன் பொய்ய என் வாயால தெருவுக்கெல்லாம் சொல்ல வெச்சிக்கீற. எம் பேரையும் சேத்து கெடுத்துட்டியேய்யா. உன் மெஷினைத் தூக்கினு போ. இனிமே இந்தப் பக்கம் வந்த, செருப்பு பிஞ்சிடும்." இத்தனை வருடமாக சார் என்றவள்.

சரசாவைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட்டாள். சரசா ஆட்டோவில் ஏறினாள்.


ஆகஸ்ட் 6, புதன்

ரேணுகா கடை மெஷினை டெம்போவில் ஏற்றி வந்தாயிற்று. நம் கடை மூலையில் நிற்கிறது.

அரவிந்தனிடமிருந்து போன். எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. ஆர்டரை ரத்து செய்வார் என்று தயாராகத்தான் இருந்தேன். "எங்க மேனேஜ்மென்ட் ரொம்ப யோசிக்கிறாங்க ஜாபஸ்" என்று இழுத்துவிட்டு, ஒரு ஜெராக்ஸுக்கு இரண்டு பைசா குறைக்கச் சொன்னார். ஒரு ஆள் விரல் வெந்தது அவருக்குப் பேரம் பேச ஒரு பிடி. குறைத்தேன். அவர் இடத்தில் நானாக இருந்தால்? மூன்று பைசா கேட்டிருப்பேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

ரசாக் பாய் போன் பண்ணினார். கேலி பண்ணவில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

எல்லார் முன்னாலும் காட்டினதோடு அந்தச் சத்தம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இப்போது அதோடு சேர்த்து, "நிறுத்துங்க, போதும்" என்பதும் கேட்கிறது.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

சரசாவும் அப்பாவுவும் கடைக்கு வந்தார்கள். ஆள்காட்டி விரல் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மற்ற இரண்டும் தேறிவிடும். கட்டைச் சின்னதாக்கியிருந்தார்கள். ஹெலினா அவளிடம் தனியாக ஏதோ சொன்னாள். இருவரும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தார்கள். நான் போகவில்லை.

வீட்டு முன் அறையில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை போடப் போகிறாள். தெருவில் ஒரு ஸ்கூல் இருக்கிறது, ஓடும். புது மெஷின் தருகிறேன் என்றேன். அவள் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் நின்ற அந்த மெஷினைக் காட்டினாள்.

"அது போதும்."

"அதுவா? வேணாம்மா. நல்ல மெஷினா நான் பார்த்துத் தரேன்."

"அதுதான் எனக்குப் பழக்கம். அது இன்னா பண்ணுச்சி? கதவு மூடிகீதுன்னு நீங்க சொன்னீங்க, நம்பிச்சி. நீங்க சொன்னதை நானுந்தான் நம்பினேன்."

அப்பாவு நடுவில் ஏதோ தொகை சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்திவிட்டாள். அதன் பிறகு பேசியதெல்லாம் அவள்தான். எந்த இடத்தில் இறங்கக் கூடாது என்று தெரிந்து பேசினாள். நானும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்க தோஷத்தில் ஒரு இடத்தில் மட்டும் குறைத்துக் கேட்டேன், ஹெலினா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

பேசி முடித்தது இது:

டாக்டர் போதும் என்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது. கடை திறக்கும் வரை ரேணுகா கொடுத்துவந்த சம்பளத்தை மாதா மாதம் நான் கொடுப்பது. மெஷின் சரசாவின் பேரில், விலை கிடையாது. ஒரு வருடத்துக்கு டோனரும் பார்ட்ஸும் இலவசம். அதற்குமேல் நான் வாங்குகிற விலைக்கே தருவது. மெஷின் இருக்கிற வரைக்கும் சர்வீஸ் உண்டு, கூப்பிட்ட அன்றே. ஜஸ்டின் வருவான். நான் அந்த மெஷினைத் தொடக்கூடாது.